விடை போதாது, படிகளைக் காட்டுங்கள்

2025 பிப்ரவரியில் ஹாங் வாங், ஜோஷ்வா ஸால் என்ற இரு கணிதவியலாளர்கள் 127 பக்கக் கட்டுரை ஒன்றை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வெளியிட்டார்கள். ஓர் ஊசியை எல்லாத் திசைகளிலும் திருப்புவதற்கு எவ்வளவு இடம் தேவை என்று ஜப்பானியக் கணிதவியலாளர் சோய்ச்சி ககேயா 1917இல் எழுப்பிய கேள்வியிலிருந்து கிளைத்த புதிர் பற்றியது அது. தாளில் வரையும் ஊசிக்கான பரப்பை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிவிட முடியும் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. முப்பரிமாண வெளியில் கன அளவு எவ்வளவு சுருங்கினாலும், அந்த வடிவம் முப்பரிமாணத் தன்மையை மட்டும் இழக்காது என்ற அனுமானம் பல பத்தாண்டுகளாக யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. அதை நிரூபித்துவிட்டதாக இருவரும் சொன்னபோது, அவர்கள் யார், எந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறார்கள் என்பதை வைத்து யாரும் நம்ப வேண்டியிருக்கவில்லை. ஐயப்படுபவருக்குத் தேவையான அத்தனையும் அந்த 127 பக்கங்களிலும், அவை மேற்கோள் காட்டும் முந்தைய நிரூபணங்களிலும் இருந்தன. பொறுமையும் பயிற்சியும் உள்ளவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே நடந்து பார்க்கலாம்.

அதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2020 மே 22 அன்று, உலகின் முன்னணி மருத்துவ ஆய்விதழ்களில் ஒன்றான ‘லான்செட்’ ஒரு கட்டுரையை வெளியிட்டது. 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த சுமார் 96,000 கொரோனா நோயாளிகளின் தகவலை அலசியதாகவும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடியிருந்ததாகவும் அது சொன்னது. மூன்றே நாட்களில் உலக சுகாதார நிறுவனம், தான் நடத்திவந்த சோதனையில் அந்த மருந்தைக் கொடுப்பதை நிறுத்திவைத்தது. ஆனால், கட்டுரையில் இருந்த ஆஸ்திரேலிய இறப்புக் கணக்கு அந்நாட்டு அரசின் கணக்கைவிட அதிகமாக இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். தரவை வைத்திருந்த சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் அதைச் சுயேச்சையான தணிக்கையாளர்களிடம் தர மறுத்தது. தரவு உண்மையானது என்று தங்களால் உறுதி கூற முடியாது எனக் கட்டுரையாசிரியர்கள் நால்வரில் மூவர் சொல்லிவிட, ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறுநாளே பிரிட்டனின் ‘ரிகவரி’ சோதனைக் குழு, அந்த மருந்தால் பயன் இல்லை என்று முறையான சோதனையின் அடிப்படையில் அறிவித்தது. மருந்து உதவாது என்ற அளவில் இரண்டின் விடையும் ஒத்துப்போனது உண்மைதான். ஆனாலும், படிகள் எழுதாமல் விடையை மட்டும் எழுதிய மாணவருக்கு நம் பள்ளிக் கணக்காசிரியர் முழு மதிப்பெண் போடமாட்டார். மருத்துவ உலகமோ அப்படிப்பட்ட விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் போட்டதோடு, அதை நம்பி உலக அளவில் முடிவும் எடுத்தது.

மருந்துச் சோதனைகளின் மூலத் தரவு, அதாவது ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன கொடுக்கப்பட்டது, என்ன நேர்ந்தது என்ற பதிவு, நோயாளியின் அடையாளம் நீக்கப்பட்ட வடிவில் சுயேச்சையான சரிபார்ப்புக்குத் திறந்திருக்க வேண்டும். அப்படிச் சரிபார்க்கப்படாத ஆய்வு எதுவும் சிகிச்சை நெறிமுறைகளுக்கு அடிப்படையாகக் கூடாது. சரிபார்க்கும் வேலை, கண்டுபிடிக்கும் வேலைக்கு இணையான மதிப்பும் ஊதியமும் பெற வேண்டும். தூய கணிதத்தின் அண்மைக்கால அனுபவமும், மருத்துவ ஆய்வுகளின் அண்மைக்கால அனுபவமும் இந்தக் கோரிக்கைக்கே வலுச் சேர்க்கின்றன.

கணிதத்தில் நம்பகத்தன்மை அதிகம் என்றால், கணிதவியலாளர்கள் மற்றவர்களைவிட நேர்மையானவர்கள், தவறே செய்யாதவர்கள் என்று பொருள் கொள்ளக் கூடாது. அவர்களும் தவறு செய்கிறார்கள், அதுவும் பெரிய தவறுகள். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக ஆண்ட்ரூ வைல்ஸ் 1993இல் அறிவித்தபோது உலகமே கொண்டாடியது. கட்டுரையை வரிவரியாகப் படித்த மதிப்பீட்டாளர் நிக் காட்ஸ் கேட்ட கேள்விகளில்தான் அதில் ஓர் ஓட்டை இருப்பது தெரியவந்தது. அதை அடைக்க, ரிச்சர்ட் டெய்லரின் துணையுடன் வைல்ஸ் மேலும் ஓராண்டு உழைக்க வேண்டியிருந்தது. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற விளாதிமிர் வொயெவோத்ஸ்கியின் அனுபவம் இன்னும் கூர்மையானது. அவர் சக ஆய்வாளருடன் எழுதிய ஒரு கட்டுரையின் முக்கிய முடிவு தவறு என்று காட்டும் எதிர் எடுத்துக்காட்டு ஒன்றைக் கார்லோஸ் சிம்ப்சன் 1998இல் கொடுத்தார். தன் நிரூபணத்தில் பிழை எங்கே என்று வொயெவோத்ஸ்கி கண்டுபிடித்ததோ 2013இல். நம்பிக்கைக்குரிய ஒருவர் எழுதிய, சரிபார்க்கக் கடினமான வாதத்தை யாரும் நுணுக்கமாகப் பார்ப்பதில்லை என்பதே இப்படிப்பட்ட பிழைகளிலிருந்து அவர் பெற்ற பாடம். தன் பிற்கால உழைப்பின் பெரும்பகுதியை, நிரூபணங்களைக் கணினியால் சரிபார்க்கும் வழிகளுக்கே அவர் செலவிட்டார். இந்த இரு நிகழ்வுகளிலும் பிழையைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், வாதம் முழுவதும் மற்றவர்கள் கண்முன் இருந்ததுதான். பிழைபட்ட கணிதவியலாளரிடம் போய் மூலத் தரவைத் தரச் சொல்லி யாரும் மன்றாட வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் திறந்திருந்தால் மட்டும் சரிபார்ப்பு தானாக நடந்துவிடாது என்பதையும் கணிதம் காட்டுகிறது. கோளங்களை எப்படி அடுக்கினால் மிகக் குறைந்த இடத்தில் அடங்கும் என்று 1611இல் கெப்ளர் சொன்ன அனுமானத்தை, பெரும் கணினிக் கணக்குகளின் உதவியுடன் நிரூபித்துவிட்டதாகத் தாமஸ் ஹேல்ஸ் 1998இல் அறிவித்தார். ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்’ இதழ் அதைச் சரிபார்க்க 12 மதிப்பீட்டாளர்களை நியமித்தது. பல ஆண்டுகள் உழைத்த பிறகு, 99 விழுக்காடு உறுதியாகச் சொல்லலாம், முழுமையாகச் சொல்ல முடியாது என்று அவர்கள் கைவிரித்தார்கள். கட்டுரை 2005இல் வெளிவந்தது. அந்த ஒரு விழுக்காட்டை ஹேல்ஸ் சும்மா விடவில்லை. ஒரு குழுவைச் சேர்த்து, ஒவ்வொரு தர்க்கப் படியையும் கணினி சரிபார்க்கும் வடிவில் நிரூபணத்தை மறுபடி எழுதி 2014இல் முடித்தார். 2020 டிசம்பரில் பீட்டர் ஷோல்ஸ், தன் நிரூபணம் ஒன்றில் தனக்கே முழு நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதி, அதைக் கணினியில் சரிபார்க்கச் சொல்லி அறைகூவல் விடுத்தார். அவரும் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். யோஹான் கொமெலின் தலைமையில் ஒரு குழு ‘லீன்’ என்ற மென்பொருளில் உழைத்து, மிகச் சிக்கலான பகுதியை ஆறு மாதங்களிலும் முழுவதையும் 2022 ஜூலையிலும் முடித்தது. 2023 நவம்பரில் கவர்ஸ், கிரீன், மேனர்ஸ், டாவ் ஆகிய நால்வர் வெளியிட்ட ஒரு முக்கிய நிரூபணம் இதே முறையில் சுமார் மூன்று வாரங்களில் சரிபார்க்கப்பட்டது. இப்போதெல்லாம் சரிபார்ப்பு என்பது தன்னளவிலேயே மதிக்கப்படும் ஆய்வாக, பலர் கூடிச் செய்யும் பணியாகக் கணிதத்தில் வளர்ந்திருக்கிறது.

இந்த மரபின் அருமையைத் தமிழர்கள் ராமானுஜன் வழியாகவும் அறியலாம். 1913இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில் வியக்கவைக்கும் சமன்பாடுகள் இருந்தன. கூடவே, பகா எண்களின் எண்ணிக்கை குறித்துத் தவறான ஒரு கூற்றும் இருந்தது. மேதையின் உள்ளுணர்வுக்கு மதிப்புத் தந்த ஹார்டி, நிரூபணத்தையும் விடாமல் கேட்டார். ராமானுஜனின் குறிப்பேடுகளில் நிரூபணம் இல்லாமல் கிடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க, அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் தன் பணிவாழ்வின் பெரும்பகுதியைக் கொடுத்தார். அந்த உழைப்பு 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. பிழைகள் வெகு சிலவே கிடைத்தன. அந்தச் சரிபார்ப்பு ராமானுஜனின் பெருமையை ஒரு துளியும் குறைக்கவில்லை. மற்றவர்கள் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய கணிதமாக அவருடைய எழுத்தை மாற்றியது.

மருத்துவத்துக்கு இந்தக் கண்டிப்பு புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையோ பழைய சிகிச்சையோ கொடுத்து ஒப்பிடும் முறை, இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பில் ஏற்படும் ஒழுங்கின்மையை அடக்கினால் உயிர் பிழைப்பார்கள் என்று 1980களில் மருத்துவர்கள் நம்பினார்கள். தர்க்கம் கச்சிதமாக இருந்தது, மருந்துகளும் துடிப்பைச் சீராக்கின. சோதித்துப் பார்த்தபோது, என்கைனைடு அல்லது ஃப்ளெகைனைடு பெற்ற 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். மருந்தே கொன்றுகொண்டிருந்தது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையைச் சென்னையில் நடந்த சோதனை 1959இல் உடைத்தது. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்ததை அது காட்டியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, சுமார் 2,60,000 பேரைச் சேர்த்துக்கொண்ட பிசிஜி தடுப்பூசிச் சோதனை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்க அந்த ஊசி உதவவில்லை என்ற யாரும் விரும்பாத முடிவை மறைக்காமல் அறிவித்தது. எதிர்பார்த்த விடை வராதபோதும் அதை அப்படியே சொன்ன பெருமை நம் மண்ணில் நடந்த ஆய்வுக்கு உண்டு.

ஆக, மருத்துவத்தின் குறை சோதனை முறையில் இல்லை, கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. பல நூறு நோயாளிகளின் பல ஆண்டுப் பதிவுகள் நான்கைந்து அட்டவணைகளாகச் சுருங்கி ஆய்விதழுக்குப் போகின்றன. மதிப்பீட்டாளர் பார்ப்பது அந்த அட்டவணைகளை மட்டுமே. அவற்றுக்குப் பின்னாலுள்ள பதிவேட்டைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் கிடைப்பதில்லை. பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை 275 பதின்வயதினர் பங்கேற்ற ஒரு சோதனையில் ஆராய்ந்து, அது பயனுள்ளது, பாதுகாப்பானது என்று 2001இல் ஒரு கட்டுரை சொன்னது. அதே சோதனையின் மூலப் பதிவுகளைப் பெற்று மறு ஆய்வு செய்த வேறொரு குழு, மருந்து வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை என்றும், தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்குகள் கூடியிருந்தன என்றும் 2015இல் எழுதியது. நோயாளிகள் அதே நோயாளிகள், எண்கள் அதே எண்கள், முடிவு மட்டும் நேர்மாறு. டாமிஃப்ளூ கதையும் இதே வகைதான். பறவைக் காய்ச்சல், பன்றிக் காய்ச்சல் அச்சத்தில் பிரிட்டன் மட்டும் 42.4 கோடி பவுண்டு செலவழித்து அந்த மருந்தை வாங்கிக் குவித்தது. ‘காக்ரேன்’ ஆய்வுக் குழு பல ஆண்டுகள் போராடி நிறுவனத்திடமிருந்து முழு அறிக்கைகளைப் பெற்றுப் பார்த்தபோது, காய்ச்சல் அறிகுறிகள் 7 நாட்களிலிருந்து 6.3 நாட்களாகக் குறைவது மட்டுமே உறுதிப்பட்டது. மருத்துவமனையில் சேரும் தேவை குறைவதற்கு நம்பத் தகுந்த சான்று கிடைக்கவில்லை.

மூலத் தரவைப் பார்ப்பதால் என்ன வேறுபாடு வந்துவிடும் என்ற கேள்விக்கு எண்களிலேயே விடை இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த மயக்க மருந்தியல் மருத்துவர் ஜான் கார்லைல், ‘அனஸ்தீசியா’ ஆய்விதழுக்கு 2017 முதல் 2020 வரை வந்துசேர்ந்த 526 சோதனைக் கட்டுரைகளை ஆராய்ந்தார். தனிநபர் தரவு கிடைக்காத 373 கட்டுரைகளில் 2 விழுக்காட்டில் மட்டுமே போலித் தரவை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. தனிநபர் தரவு கிடைத்த 153 கட்டுரைகளிலோ அந்த அளவு 44 விழுக்காடு. சந்தேகம் எழுந்த கட்டுரைகளுக்குத் தரவைக் கேட்டு வாங்கியதும் இதில் சேர்ந்திருப்பதால், உலகின் எல்லாச் சோதனைகளிலும் பாதி போலி என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. இது ஓர் ஆய்விதழின் கணக்கு, ஒரு தனி மனிதரின் மதிப்பீடு. இந்தக் கழிவுகளையெல்லாம் போட்ட பிறகும், அட்டவணையை மட்டும் பார்ப்பவரின் கண்ணுக்குப் போலி தட்டுப்படாது என்ற உண்மை மிஞ்சுகிறது. சரிபார்ப்பு மோசடிக்காரர்களைப் பிடிக்கும் காவல் வேலை மட்டுமல்ல என்பதையும் கார்லைலின் மற்றொரு ஆய்வு காட்டியது. மத்திய தரைக்கடல் உணவு முறை இதயத்தைக் காக்கும் என்று சொல்லி 2013இல் புகழ்பெற்ற ஸ்பெயின் நாட்டு ஆய்வில், எண்கள் அமைந்திருந்த விதம் அவருக்கு ஐயத்தைக் கிளப்பியது. ஆய்வாளர்களே திரும்பிப் பார்த்தபோது, சில இடங்களில் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவும், ஓரிடத்தில் பங்கேற்பாளர்கள் மருத்துவமனை வாரியாகவும் தனித்தனிக் குலுக்கல் இல்லாமல் பிரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 2018இல் அவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்று, முடிவின் உறுதியைத் தணித்துத் திருத்திய வடிவத்தை வெளியிட்டார்கள். நேர்மையான மனிதர்களின் பிழை வெளியே வந்தது, ஆய்வுக்கும் பலன் கிடைத்தது.

இதற்கும் நம் ஊர் மருந்துக் கடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கொரோனாவின் இரண்டாம் அலையில் ஐவர்மெக்டின் மாத்திரையை எத்தனை வீடுகளில் வாங்கி வைத்திருந்தோம் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். 2021 ஏப்ரலில் தேசிய சிகிச்சை நெறிமுறையிலேயே அது இடம்பெற்றிருந்தது, செப்டம்பரில் நீக்கப்பட்டது. அந்த மருந்துக்கு ஆதரவாக உலகெங்கும் பேசப்பட்ட ஆய்வுகளில் ஒன்று, எகிப்திலிருந்து 2020 நவம்பரில், ஆய்விதழின் மதிப்பீட்டுக்கு முந்தைய முன்பதிப்பாக வெளியானது. இறப்பை 90 விழுக்காடு குறைப்பதாக அது சொன்னது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், கடவுச்சொல்லால் பூட்டியிருந்த அதன் தரவுக் கோப்பை, 1234 என்று ஊகித்துத் திறந்தார். சோதனை தொடங்கும் முன்பே இறந்துவிட்டவர்கள் அதில் பங்கேற்றவர்களாகப் பதிவாகியிருந்தார்கள். ஒரே பதிவுகள் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருந்த தடயங்களும் இருந்தன. 2021 ஜூலையில் அந்த ஆய்வு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதைச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வு ஒன்றும் திரும்பப் பெறப்பட்டுத் திருத்தப்பட்டது. பேராசிரியர்களும் அரசுகளும் மேற்கோள் காட்டிய ஓர் ஆய்வின் தரவைத் திறந்து பார்க்கும் வேலை ஒரு மாணவரின் ஆர்வத்துக்கும் எளிய கடவுச்சொல்லுக்கும் விடப்பட்டிருந்தது என்றால், அமைப்பு என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இருக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலை அவசரமானதாக்கியிருக்கிறது. 2024 சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாக்களில் கூகுள் டீப்மைண்டின் மென்பொருள்கள் 42க்கு 28 மதிப்பெண் பெற்றன. அவற்றில் ஒன்றான ‘ஆல்ஃபாப்ரூஃப்’ தன் நிரூபணங்களை லீனில் எழுதியதால், அதன் சொல்லை நம்ப வேண்டிய தேவையே எழவில்லை. இயந்திரம் எழுதியதைத் தர்க்க விதிகள் மட்டும் தெரிந்த மற்றோர் இயந்திரம் படிப்படியாகச் சரிபார்த்தது. மருத்துவத்தில் அப்படி ஒரு காப்பு இல்லை. 2023இல் இத்தாலிய ஆய்வாளர்கள், கருவிழி அறுவைச் சிகிச்சைகள் இரண்டில் ஒன்று சிறந்தது என்று காட்டும் பொய்யான தரவுத் தொகுப்பு ஒன்றை ஜிபிடி-4 கொண்டு உருவாக்கி, இது எவ்வளவு எளிது என்று எச்சரித்தார்கள். அந்தத் தொகுப்பைப் புள்ளியியலாளர்கள் கையில் கொடுத்தபோது, பெயருக்கும் பாலினத்துக்கும் பொருத்தமின்மை, வயதுகள் 7, 8 என்ற இலக்கங்களில் அளவுக்கு மீறி முடிவது போன்ற அடையாளங்களை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதே தரவு ஓர் அட்டவணையாகச் சுருங்கி வந்திருந்தால் அந்த அடையாளங்கள் எவையும் மிஞ்சியிருக்காது.

மருத்துவத்தைக் கணிதத்தோடு ஒப்பிடுவதே தவறு என்பது முதல் எதிர்வாதம். கணித உண்மை ஒருமுறை நிரூபித்தால் என்றைக்கும் உண்மை. மனித உடலோ ஆளுக்கு ஆள் வேறுபடும், அங்கே கிடைப்பதெல்லாம் நிகழ்தகவு மட்டுமே. இது சரியான வாதம், ஆனால் நான் கேட்பதைத் தொடவில்லை. மருத்துவ முடிவுக்குக் கணிதத்தின் உறுதி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இந்த எண்களிலிருந்து இந்த முடிவு வருகிறதா, இந்த எண்கள் உண்மையான நோயாளிகளிடமிருந்து வந்தவையா என்று மூன்றாம் மனிதர் சரிபார்க்க வழி வேண்டும் என்பதே கோரிக்கை. இயற்கையின் நிச்சயமின்மையை நாம் ஏற்றுத்தான் ஆக வேண்டும். கணக்கேட்டை மூடி வைப்பதால் அதன் மேல் கூடும் நிச்சயமின்மையை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பார்க்கப்போனால், முடிவுகள் நிகழ்தகவாக இருக்கும் துறையில்தான் தற்செயலையும் பிழையையும் பொய்யையும் பிரித்தறிவது கடினம். அதனால் சரிபார்ப்பின் தேவை கணிதத்தைவிட மருத்துவத்தில் கூடுதல்.

நோயாளியின் அந்தரங்கம் குறித்த எதிர்வாதம் இதைவிடக் கனமானது. பெயரையும் முகவரியையும் நீக்கினாலும், அரிய நோய் உள்ள ஒருவரை வயது, ஊர், சிகிச்சைத் தேதி ஆகியவற்றை இணைத்து அடையாளம் கண்டுவிட முடியும். எச்ஐவி, மனநோய், கருக்கலைப்பு போன்றவற்றில் அப்படி ஒரு கசிவு வாழ்க்கையையே குலைத்துவிடும். ஆகவே, தரவை இணையத்தில் எல்லோருக்கும் கொட்டிவிடும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. கட்டுப்பாட்டுடன் திறப்பதற்கு வழிகள் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்திவரும் ‘யோடா’ திட்டத்தில், ஆய்வாளர்கள் தங்கள் நோக்கத்தை எழுதிக் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தரவைப் பெறுகிறார்கள். சோதனைக்குச் சம்மதம் கேட்கும்போதே, உங்கள் பதிவு அடையாளமின்றிச் சரிபார்ப்பாளருக்குக் காட்டப்படும் என்று நோயாளியிடம் சொல்லிவிடலாம். மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் பலர் சோதனையில் சேர்கிறார்கள். அவர்கள் தந்த பதிவைப் பூட்டி வைத்து அவர்கள் பெயராலேயே நியாயம் சொல்வது அந்த நல்லெண்ணத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நோய் பரவும்போது சரிபார்த்துக்கொண்டிருந்தால் உயிர்கள் போகும் என்கிறார்கள் சிலர். அனுபவம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய ரிகவரி சோதனை, மூன்று மாதங்களுக்குள் டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து உயிர் காக்கும் என்று கண்டறிந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 41.4 விழுக்காடும், அந்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்கள் 29.3 விழுக்காடும் இறந்தார்கள். அந்த வேகத்துக்குக் காரணம் எளிமையான, முன்கூட்டியே அறிவித்த திட்டமும் ஏராளமான மருத்துவமனைகளின் ஒத்துழைப்பும். சரிபார்க்கப்படாத சர்ஜிஸ்பியர் கட்டுரையோ, நடந்துகொண்டிருந்த சோதனையின் ஒரு பிரிவையே தடுத்து நிறுத்தியது. உழைத்துத் தரவைச் சேகரித்தவருக்குப் பலன் கிடைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்து அதைக் கொத்திக்கொண்டு போவார்கள் என்ற மனக்குறையும் உண்டு. இப்படிப்பட்டவர்களைச் சிலர் ஒட்டுண்ணிகள் என்று அழைப்பதாக ‘நியூ இங்கிலாந்து’ மருத்துவ ஆய்விதழின் தலையங்கமே 2016இல் எழுதிக் கண்டனத்தை வாங்கிக்கட்டிக்கொண்டது. சேகரித்தவருக்கு முதல் கட்டுரையை எழுதும் உரிமையும், பிறர் தரவைப் பயன்படுத்தும்போதெல்லாம் உரிய அங்கீகாரமும் தருவது நியாயம். ஆனால், முடிவை வெளியிட்டுப் பெயரும் பதவி உயர்வும் பெற்ற பிறகு, அதன் அடிப்படையை மறைக்கும் உரிமை அவருக்கு இல்லை.

கணிதத்திலேயே சரிபார்ப்பு தோற்றிருக்கிறதே என்றும் கேட்கலாம். ஜப்பானின் ஷினிச்சி மோச்சிசுகி 2012இல் ‘ஏபிசி அனுமானம்’ குறித்து 500 பக்கங்களுக்கு மேல் எழுதிய நிரூபணத்தில் சரிசெய்ய முடியாத ஓட்டை இருப்பதாக 2018இல் ஷோல்ஸும் யாகோப் ஸ்டிக்ஸும் சொன்னார்கள். அவரே தலைமை ஆசிரியராக இருந்த ஆய்விதழில், அவர் விலகியிருக்க, 2021இல் அது அச்சானது. உலகின் பெரும்பாலான வல்லுநர்கள் இன்றும் அதை ஏற்கவில்லை. இது கணிதத்தின் தோல்வி போலத் தோன்றலாம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. சர்ச்சை எந்தத் துணைத் தேற்றத்தில் என்பது இரு தரப்புக்கும் தெரியும், படிக்க விரும்பும் எவருக்கும் தெரியும். அச்சாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் அதன் மேல் கட்டடம் கட்டவில்லை. மருத்துவத்திலோ, ஆய்விதழில் அச்சாவதே நம்பிக்கைக்கான முத்திரையாகி, அங்கிருந்து தொகுப்பாய்வுக்கும், நெறிமுறைக்கும், மருந்துச் சீட்டுக்கும் போய்விடுகிறது.

இந்தியாவில் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மருந்துச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேடு 2007இல் தொடங்கி, 2009 ஜூன் முதல் அதில் பதிவது கட்டாயமானது. தொடங்கும்போது பதிவு செய்யக் கட்டாயப்படுத்தும் அரசு, முடித்த ஓராண்டுக்குள் முடிவுகளை வெளியிடவும், அடையாளம் நீக்கிய மூலத் தரவைப் பாதுகாப்பான பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்கவும் கட்டாயப்படுத்தலாம். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளிலிருந்து இதைத் தொடங்க எந்தத் தடையும் இல்லை. தேசிய நெறிமுறைக் குழுக்கள், தாங்கள் சார்ந்திருக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் மூலத் தரவு சுயேச்சையாகப் பார்க்கப்பட்டதா என்று பக்கத்திலேயே குறிப்பிடலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தான் வாங்கும் மருந்துகளை ஆய்வகத்துக்கு அனுப்பித் தரத்தைச் சோதித்தே மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. மாத்திரையில் சொன்ன மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் இந்த அக்கறையை, அந்த மருந்து சொன்ன வேலையைச் செய்கிறதா என்ற சான்றுக்கும் நீட்டிக்க வேண்டிய பொறுப்பு ஒப்புதல் தரும் மத்திய அமைப்புக்கு இருக்கிறது.

ஆட்கள் எங்கே என்ற கேள்விக்கும் விடை உண்டு. மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். மூன்றாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நடக்கும் சிறு ஆய்வுகள் பல யாருக்கும் பயன்படாமல் அலமாரியில் கிடக்கின்றன. வெளியான ஒரு முக்கியச் சோதனையின் மூலத் தரவைப் பெற்று, புள்ளியியலாளர் ஒருவரின் வழிகாட்டுதலில் முதலிலிருந்து கணக்கிட்டுப் பார்ப்பதையும் ஆய்வேடாக ஏற்றுக்கொண்டால், மருத்துவருக்கு ஆய்வைப் படிக்கும் திறனும் நாட்டுக்குச் சரிபார்ப்பாளர் படையும் ஒருசேரக் கிடைக்கும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் குழுக்கள், பிறர் பிழையைக் கண்டு திருத்திய பணியையும் அதே தராசில் வைக்க வேண்டும். ஒரு நிரூபணத்தைச் சரிபார்க்க ஆண்டுக்கணக்கில் ஒரு குழு உழைத்தால் கணித உலகம் அதை மதிக்கிறது. தவறான நிரூபணத்தால் கணிதத்தில் யாரும் சாவதில்லை. தவறான மருந்துச் சோதனையின் விலையைக் கொடுப்பவர்களோ நோயாளிகள். அதனால், படிகளைக் காட்டாத எந்த ஆய்வையும் சிகிச்சைக்கான சான்றாக ஏற்க மாட்டோம் என்று ஆய்விதழ்களும் நெறிமுறைக் குழுக்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.